முட்டி பார்க்கும் திசை

தட்டுக்கழியை ஓங்கியவள் தாளம் தட்டவில்லை.

எதிரே பிள்ளைகள் கால் மடக்கிப் பாதி உட்கார்ந்தபடி அரைமண்டியில் காத்திருந்தார்கள். சனிக்கிழமை காலை பரதநாட்டிய வகுப்பு. எல்லாருக்கும் எட்டு, ஒன்பது வயதுதான் இருக்கும்.

இத்தனை வருடமாக அவள் பாதங்களைத்தான் பார்த்தாள். இரண்டும் பக்கவாட்டில் ஒரே கோடாகத் திரும்பியிருந்தால் "சபாஷ்" என்பாள்.

இன்றுதான் முட்டிகளைப் பார்க்கிறாள்.



பாதம் ஒரு பக்கம் பார்த்தது. முட்டி வேறு பக்கம் பார்த்தது. ஒரு பிள்ளைக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. வரிசை முழுக்க அப்படித்தான்.

நேற்று பிசியோதெரபி செய்யும் பெண் அவளுடைய முட்டிச்சில்லை விரலால் அசைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"தொடையிலேர்ந்து திரும்பணும் மேடம். நீங்க பாதத்தை மட்டும் திருப்பி முட்டியை முறுக்கிட்டிருக்கீங்க. சில்லுக்கு உள்ள தேய ஆரம்பிச்சிருச்சு."

அப்போது தன் முட்டியை நினைத்துத்தான் அழுதாள். படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் பிள்ளைகளின் ஞாபகம் வந்தது.

இவர்கள் யாரைப் பார்த்து உட்காரக் கற்றுக்கொண்டார்கள்?

ஓரத்தில் நின்ற பிள்ளையின் கால் நடுங்கியது. முந்தாநாள் என்றால் சோம்பேறி என்று திட்டியிருப்பாள்.

"மிஸ், தட்டுங்க மிஸ்."

கை வரவில்லை. கழியைக் கீழே வைத்தாள்.

சின்ன எலும்பு, ஒன்றும் ஆகியிருக்காது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வலித்தால் சொல்லியிருக்க மாட்டார்களா? அம்மாக்கள்தான் சும்மா விடுவார்களா? இதுவரை ஒருத்தியும் வாயைத் திறந்ததில்லையே.

கேட்டுவிடலாம். கேட்கத்தான் பயமாக இருந்தது.

"எல்லாரும் நிமிந்து நில்லுங்க. மிஸ் ஒண்ணு கேப்பேன். உண்மையைச் சொல்லணும்."

நிமிர்ந்தார்கள்.

"அரைமண்டி உக்காரும்போது யாருக்காச்சும் முட்டி வலிக்குதா?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முருகா, ஒரு கைகூட எழக் கூடாது.

முன்வரிசையில் மிதுலாவின் கை மெல்ல எழுந்தது. அடுத்து அவள் பக்கத்தில் நின்றவளின் கை. அப்புறம் எல்லாக் கைகளும், போட்டி போட்டுக்கொண்டு. பின்னால் நின்ற குட்டி ஒருத்தி, எங்கே மிஸ் தன்னைப் பார்க்காமல் விட்டுவிடுவாரோ என்று எம்பி எம்பிக் குதித்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எனக்கு ரெண்டு முட்டியும் மிஸ்! வலிச்சாத்தான் நல்லா உக்காந்திருக்கோம்னு அர்த்தம்னு சொன்னீங்கள்ல!"