தலையாட்டி

ஜீப்பின் பின்சீட்டில் தலையாட்டி உட்கார்ந்திருந்தான். தலையில் கோணிப்பை, கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

ஊர் ஆண்களை ஒவ்வொருவராக அவன் முன்னால் நிறுத்தினார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆள் வெள்ளைக்காரனை எதிர்த்து மலையில் ஒளிந்திருக்கும் போராளிகளின் கூட்டாளி. அப்புறம் தூக்குதான். தலையாட்டி யாரென்று வெளியே தெரிந்தால் மலைக்காரர்கள் அவனை விட்டுவைக்க மாட்டார்கள்.

முள்கம்பிக்கு இந்தப் பக்கம் பெண்கள். தெஸ்பினுவின் கையைப் பக்கத்து வீட்டு மரிக்கூ இறுகப் பிடித்திருந்தாள். போன மாதம் சிப்பாய்கள் தெஸ்பினுவின் புருஷன் கிளையாந்தீஸை வீட்டு வாசலிலேயே அடித்து, முன்பல்லைப் பெயர்த்து, இழுத்துப் போனார்கள். இன்னும் விடவில்லை. இன்றைக்கு வரிசையில் மகன் லோயிசோஸ் நிற்கிறான், மீசைகூட அரும்பாதவன்.

"தின்ன ரொட்டிக்கு இதுவாடா நன்றி? நாயே, நீ விளங்குவியா?" என்று தெஸ்பினு தலையாட்டியைப் பார்த்துக் கத்தினாள்.

கோணிப்பை அசையவில்லை. அதுவரை யாருக்குமே அது அசையவில்லை. வெள்ளைக்கார லெப்டினன்ட் எரிச்சலோடு பூட்ஸைத் தட்டிக்கொண்டிருந்தான்.

லோயிசோஸ் முன்னால் வந்தான்.

கோணிப்பை வெடுக்கென்று மேலே போனது. கூடவே ஒரு "ட்ஸ்".

பெண்களுக்கு மூச்சு வந்தது. முகவாயைத் தூக்கி நாக்கைத் தட்டினால் சைப்ரஸில் 'இல்லை' என்று அர்த்தம். பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

லெப்டினன்டுக்குத் தெரியவில்லை. தலை ஆடிவிட்டது, அவனுக்கு அது போதும். சிப்பாய்கள் பையனின் கையை முறுக்கினார்கள்.

கோணிப்பை பதறியது. ட்ஸ், ட்ஸ் என்று மறுபடி மறுபடி தலையைத் தூக்கியது. அது இல்லை இல்லை என்று துடிக்கத் துடிக்க, அவர்கள் பையனை லாரிக்கு இழுத்தார்கள். முக்கால் நூற்றாண்டாக இந்தத் தீவை ஆள்கிறார்கள். வரி வசூலிக்கத் தெரிந்தது, தூக்குக் கயிறு திரிக்கத் தெரிந்தது. இந்த மண்ணின் ஒரு 'இல்லை' மட்டும் பாவிகளுக்குத் தெரியவில்லை.

அந்த ட்ஸ்ஸில் காற்று ஒழுகியது. முன்பல் போன வாயிலிருந்து வருகிற சத்தம்.

தெஸ்பினு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை மீறிக் குரல் வந்துவிட்டது.

"தலைய ஆட்டாதீங்க. உங்க கால்ல விழறேன், அசையாம இருங்க."

கோணிப்பை அப்படியே நின்றது. லாரி கிளம்பிவிட்டது.

மரிக்கூ அவள் கையை விட்டாள்.