கயிறு அறுக்கும் விஜிலா

பெரியதாழைக் கோயில் திருவிழா நாடக மேடையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. முத்துக் குத்தகைக்காரியாக வேடம் கட்டிய விஜிலா, முத்தெடுக்கக் கடலில் இறங்கியவனின் கயிற்றை வெற்றிலை மென்றபடி நிதானமாக அறுக்கிறாள். கூட்டம் வாய்விட்டு ஏசாவிட்டால் அடுத்த வருஷம் வில்லி வேஷம் ஷெர்லினுக்கு என்பது ஊரறிந்த சங்கதி. வேஷம் இப்போதே கிடைத்துவிட்ட மாதிரி ஷெர்லின் பவுடர் அப்பி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். விஜிலா கயிற்றின் கடைசி இழையைச் சுண்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். "ஏளா சிறுக்கி, நீ வெளங்குவியா!" என்ற கத்தலோடு நீலவார்ச் செருப்பு ஒன்று பறந்து வந்து அவள் காலடியில் விழுகிறது. காலையில் காப்பி கொடுத்து வாழ்த்திய பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் மைனியின் செருப்பேதான். ஷெர்லின் முகத்தில் ஈயாடவில்லை. விஜிலா செருப்பில் காலை நுழைத்துப் பார்க்கிறாள். "அளவாத்தான் இருக்கு மைனி, மத்ததையும் எறிங்க."