வெள்ளரிக்குத் தண்ணீர் விட்ட ஒரு வரி

தோட்டத்து மோட்டாருக்கு நீங்கள் எப்போதாவது நிரல் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? அணில் எழுதிப் பார்த்தது. அதன் மோட்டாருக்குப் புரிந்தது ‘பூவரசு’ என்ற நிரல்மொழி மட்டும்தான். அதைப் படித்தவர்கள் ரொம்பக் குறைவு. கற்றுக்கொள்ள இருந்ததும் ஒரே ஒரு ஒல்லிப் புத்தகம்தான்.

புத்தகத்தில் இருந்தபடியே அணில் எழுதியது. மோட்டார் ‘புர்’ரென்று உறுமிவிட்டு நின்றுபோனது. வெள்ளரிக் கொடியோ தண்ணீர் இல்லாமல் தலை தொங்கிக் கிடந்தது.

அணில் இணையத்தில் தேடித் தேடி, பூவரசு எழுதுகிறவர்களின் மன்றத்தைக் கண்டுபிடித்தது. “மோட்டார் உறுமிவிட்டு நின்றுவிடுகிறது, என்ன செய்ய?” என்று அங்கே உடும்பு எப்போதோ கேட்டிருந்தது. அதே சிக்கல்! அணிலுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. கீழே உடும்பே பதிலும் போட்டிருந்தது: “சரியாகிவிட்டது. நன்றி.” அவ்வளவுதான்!

அணில் நேரே உடும்பின் பொந்துக்கு ஓடியது. “உடும்பண்ணே, எப்படிண்ணே சரியாச்சு?”

“அதுவா...” உடும்பு தலையைச் சொறிந்தது. “மறந்துபோச்சே தங்கச்சி.”

“நல்லா இருக்கே! உங்க நன்றியை ஊத்தியா என் வெள்ளரியை வளர்க்கிறது?”

வெட்கப்பட்டுப்போய் உடும்பு தோட்டத்துக்கு வந்தது. இரண்டும் முதலிலிருந்து எழுதிப் பார்த்தன. வெயில் சாய்கிறபோதுதான் பிடிபட்டது. ‘தண்ணீர் ஏறும்வரை பொறு’ என்று நடுவில் ஒரு வரி வேண்டுமாம். அதைச் சேர்த்ததும் மோட்டார் ஓடியது.

“பிழைச்சேன் அண்ணே!” என்று அணில் வெள்ளரிப் பாத்திக்குப் பாய்ந்தது.

“ஏ தங்கச்சி, நில்லு!” உடும்பு பின்னாலிருந்து கத்தியது. “நான் மறுபடி மறக்கிறதுக்குள்ள, அந்த வரியை என் கேள்விக்குக் கீழே எழுதிட்டுப் போம்மா.”