மிலிட்டரி பெரிப்பா

பாடையைத் தூக்கும்போது ரஞ்சித் வாய்விட்டு அழுதான்.

டில்லிபாபு கூட்டத்தில் நின்று மகனைப் பார்த்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஒருமுறை விரல்மேல் சங்கிலி விழுந்து நகம் பிய்ந்தபோதுகூட உதட்டைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன்.

நான் செத்தால் இவன் இப்படி அழுவானா?

சாவு வீட்டில் நினைக்கக் கூடாததுதான். ஆனாலும் நினைப்பு வந்துவிட்டது.

செத்தவர் வரதன். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, காலடிப்பேட்டைக்குத் திரும்பி வந்து, மணலியில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி அவரே ஆய்ந்து கழுவி மனைவி கெங்கம்மாவிடம் கொடுப்பார். தெருவுக்கே அவர் மிலிட்டரி. ரஞ்சித்துக்கு மட்டும் பெரிப்பா.

சொந்தம் ஒன்றும் இல்லை. எதிர்வீடு, அவ்வளவுதான்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று, பள்ளி முடித்த ரஞ்சித்தை வரதன்தான் விடியற்காலையில் எழுப்பி ஓடவைத்தார். மார்பளவு போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதோடு ஓட்டம் நின்றது. பேச்சு நிற்கவில்லை. சாயங்காலமானால் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள்மேல் இரண்டு பேரும் போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

எண்ணூரில் வேலை முடிந்து வருகிற டில்லிபாபு பஸ் ஜன்னல் வழியே பார்ப்பார். வரதன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். இவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான்.

அதே பையன் வீட்டுக்கு வந்ததும் "சாப்ட்டியா?" என்று கேட்டால், "ம்" என்பான்.

அப்படி என்னதான் பேசுகிறார்கள் என்று டில்லிபாபு ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் தோற்றதுபோல் ஆகிவிடும்.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்தது. உடன் வேலை பார்த்த பழைய பட்டாளத்துக்காரர்கள் விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டுப் போனார்கள். கொள்ளி வைத்த பாரி மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக வெளியே வந்தான். வரதனின் ஒரே மகன். புனேயில் வேலை. காலையில்தான் விமானத்தில் வந்திறங்கினான். யார் கையைப் பிடித்து என்ன சொன்னாலும் தலையை ஆட்டினான். கண் கலங்கவே இல்லை.

டில்லிபாபுவுக்கு அதில் ஓர் அற்ப ஆறுதல். மிலிட்டரிக்கும் பெற்ற பிள்ளை அழவில்லை.

ரஞ்சித் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். பாரி நேராக அவனிடம் வந்தான்.

"ரஞ்சித்து, அப்பா உன்னாண்ட இன்னாடா பேசுவாரு?"

ரஞ்சித் நிமிர்ந்தான்.

"என்னாண்ட போன்ல 'நல்லா கீறியா'ம்பாரு. ஒடனே அம்மா கையில குடுத்துடுவாரு. லீவுக்கு வந்தா பேப்பர எடுத்து வச்சிக்குவாரு. உன்னாண்ட மட்டும் அப்பிடி இன்னாதாண்டா பேசுவாரு?"

பக்கத்தில் நின்ற டில்லிபாபு திரும்பிப் பார்த்தார். தான் கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டதை வேறு ஒருவன் கேட்கிறான். அந்தக் குரலில் இருந்தது துக்கம் மட்டும் இல்லை. அது என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

ரஞ்சித் குழாயை மூடினான். சொல்லலாமா என்பதுபோல் அப்பாவைப் பார்த்தான். டில்லிபாபு தலையசைத்தார்.

"உன்னப் பத்திதாண்ணா."

"என்னப் பத்தியா?" என்றான் பாரி.

"சின்ன வயசுல ஒருவாட்டி அவரு லீவுல வந்தப்போ, 'யாரும்மா இது, எப்போ போவாரு'ன்னு பெரிம்மாவாண்ட கேட்டியாமே. அன்னிலேர்ந்து உன்னாண்ட இன்னா பேசறதுன்னே தெர்லடான்னுவாரு. நீ காலேஜி போனது, வேல வாங்கனது, போன்ல இருமனதுகூட சொல்லுவாரு. டெய்லி பாரி, பாரி, பாரிதான். எனக்கே காண்டாவும்ணா. நான் ஒருத்தன் பக்கத்துல குந்திகினு கீறனே பெரிப்பான்னு ஒருநாள் சத்தங்கூட போட்டேன்."

பாரி அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ரஞ்சித்தை அண்ணாந்து பார்த்தான்.

"வேற இன்னாடா சொல்லுவாரு?"

ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். ரஞ்சித் பைக்கை எடுத்து வந்து அப்பாவுக்காக நிறுத்தினான். ஏறப்போன டில்லிபாபு நின்றார்.

"பாரி ஏறிக்கட்டும்டா. நான் நடந்தே வர்றேன்."