தோத்தவர் ராசி

"வேற யார்கூட வேணும்னாலும் உட்காருறேன் அக்கா. அவர் மட்டும் வேண்டாம்" என்றாள் லுபானா.

அடுப்படியில் மாத்தே என்ற மூலிகை டீ இலைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்த தீமா திரும்பிப் பார்த்தாள்.

"ஏண்டி, முன்திர் அண்ணன் உன்னை என்ன செஞ்சார்?"

"ஒண்ணும் செய்யல. ரெண்டு தடவை தோத்தவராமே. பரீட்சை நெருங்குற நேரத்துல அந்த ராசி எனக்கு எதுக்கு?"

லுபானா சிரியாவில் டாக்டருக்குப் படித்தவள். அங்கே ஆஸ்பத்திரியில் வேலையும் பார்த்திருக்கிறாள். ஜெர்மனியில் அந்தப் பட்டத்தை நீட்டினால் மட்டும் போதாது. நோயாளியிடம் அவர்கள் பாஷையில் பேசி, உடம்புக்கு என்ன என்று கேட்டு வாங்கத் தெரிகிறதா என்று முதலில் ஒரு பரீட்சை. அதைத் தாண்டினால்தான் எந்த வார்டிலும் கால் வைக்க முடியும்.

தீமாவும் அவள் கணவரும் அதை எப்போதோ தாண்டியவர்கள். லைப்சிக் நகரத்தில் அவர்கள் வீட்டு ஹாலில் சனிக்கிழமைதோறும் பயிற்சி நடக்கும். ஒருவருக்கு டாக்டர் வேஷம், ஒருவருக்கு நோயாளி வேஷம்.

முன்திர் எப்போதும் நோயாளிதான். நாற்பதைத் தாண்டியவர். முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர்.

"டாக்டர் வேஷம் எனக்கு ஆகாதுப்பா. ரெண்டு தடவை மண்ணைக் கவ்வினவன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். மறுபடி எப்போது எழுதப்போகிறார் என்று கேட்க யாருக்கும் மனசு வராது.

அந்தச் சனிக்கிழமை பார்த்து பாதிப் பேர் வரவில்லை. லுபானாவுக்கு எதிரே முன்திர்தான் மிஞ்சினார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள் கண்ணெதிரே அவர் கிராமத்துக் கிழவராகச் சுருங்கிப்போனார். பொக்கை வாய்க்காரர் மாதிரி வார்த்தையை மென்று துப்பினார். லுபானாவுக்கு வியர்த்தது.

ஜெர்மனில் மலத்துக்கும் நாற்காலிக்கும் ஒரே சொல். அவள் திக்கித் திணறி அது எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"உறுதியாத்தான் இருக்கு டாக்டரம்மா. ஒரு கால் மட்டும் லேசா ஆடுது."

ஹால் குலுங்கியது. லுபானாவும் சிரித்துவிட்டாள்.

அடுத்தது, உங்கள் அப்பா எப்போது இறந்தார் என்று கேட்க நினைத்து, "நீங்க எப்போ இறந்தீங்க?" என்று கேட்டு வைத்தாள்.

"இன்னும் இல்லம்மா. இனிமே உன் கையிலதான் இருக்கு."

அன்றைக்குத்தான் அவள் ஒரு நோயாளியைக் கடைசிவரை விசாரித்து முடித்தாள். தீமா எதிரே உட்கார்ந்தால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முன்திரிடம் அந்தப் பயமே இல்லை. இவரே தோற்றவர், நம்மைப் பார்த்து என்ன நினைத்துவிடப் போகிறார்?

அதன்பிறகு சனிக்கிழமையானால் அவரைத்தான் தேடினாள். ராசியைப் பற்றிய பேச்சை அவளும் எடுக்கவில்லை, தீமாவும் எடுக்கவில்லை.

முதல் தடவையிலேயே தேறினாள். பாலாடைக்கட்டி அல்வா கிளறிக்கொண்டு தீமா வீட்டுக்கு ஓடினாள். முன்திர் அங்கே இருந்தார். அவர் தட்டில் கொஞ்சம் அதிகமாகவே வைத்தாள். சந்தோஷத்தோடு பாவமும் சேர்ந்துகொண்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணா. எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பீங்க? மருந்துக் கடை மாதிரி எதுலயாவது வேலை கேட்டுப் பார்க்கலாமே."

முன்திர் அல்வாவை மென்றபடி நிதானமாகத் தலையாட்டினார். "நல்ல யோசனைதான். பார்க்குறேன்மா."

தீமாவுக்குத் திடீரென்று புரையேறியது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ரயிலில் ஒரு மணி நேரம் தள்ளி இருந்த சின்ன ஊரில் லுபானாவுக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் காலையில் வெள்ளைக் கோட்டைப் பத்து முறை நீவிவிட்டுக்கொண்டு வார்டில் நின்றாள். பெரிய டாக்டர் வருகிறார், கொஞ்சம் கண்டிப்பானவர் என்று நர்ஸ் காதில் சொன்னாள்.

கதவு திறந்தது. இளம் டாக்டர்கள் பின்தொடர, முன்னால் வந்தவர் முன்திர்.

அவளுக்குக் கை கொடுத்து, மணிமணியான ஜெர்மனில் வரவேற்றார். பிறகு எதுவுமே நடக்காதது போல முதல் படுக்கைக்கு நகர்ந்தார். அன்றைக்கு எந்த நோயாளிக்கு என்ன வியாதி என்பது லுபானாவின் மண்டையில் ஏறவே இல்லை.

ரவுண்ட்ஸ் முடிந்து தாழ்வாரத்தில் ஆள் ஓய்ந்ததும், தங்கள் பாஷையில் மெல்ல ஆரம்பித்தாள்.

"அண்ணா... உங்களைப் போய் மருந்துக் கடைக்குப் போகச் சொன்னேனே."

"இங்க வேலை போச்சுன்னா கட்டாயம் போறேன்."

"ரெண்டு தடவை தோத்தேன்னு சொன்னீங்களே?"

"தோத்தது நிஜம்தான். மூணாவது தடவை என்ன ஆச்சுன்னு யாரும் கேட்கலையே."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"பெரிய டாக்டர் முன்னாடி உட்காருறோம்னு தெரிஞ்சிருந்தா நீ வாயைத் திறந்திருப்பியா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"தேறிப் போனவங்க எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வெளியில விட்டதில்ல. நீயும் விட்டுடாதே" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார்.

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை லுபானா தீமா வீட்டுக்குப் போனாள். ஹாலில் எல்லாம் புது முகங்கள். சிரியாவின் லட்டாக்கியாவிலிருந்து வந்திருந்த ஸுஹைர் என்ற இளம் டாக்டரை அவள் எதிரே உட்கார வைத்தார்கள். பையனுக்கு உதடு காய்ந்து போயிருந்தது.

"அக்கா, நீங்க பரீட்சை எழுதிட்டீங்களா?" என்று பயந்துகொண்டே கேட்டான்.

லுபானா நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

"எழுதினேன் தம்பி. அந்த வயித்தெரிச்சலை ஏன் கேட்குறே... ஊத்திக்கிச்சு."