மொரிஸ் மைனரின் மூடி

என் பழைய மொரிஸ் மைனர் காரின் என்ஜினிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி ஸ்டூல் மேல் வைத்தேன். ஸ்டூல் அரையடி தள்ளி நின்றது. மூடி கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. ஒட்டிப் பார்த்தேன். என்ஜின் என்னைப் போலவே இருமியது, ஓடவில்லை.

"திங்கக்கிழமை சின்னவளப் பரீட்சைக்கு நான்தானே கூட்டிட்டுப் போகணும்? புது மூடி கெடச்சுதா?" என்று மனைவி பரிமளத்திடம் கேட்டேன்.

"கண்டியில எந்தக் கடையிலயும் இல்லைங்க."

மூன்று நாளாக இதே பதில்தான்.

இன்று குளிக்கப் போகுமுன் அலுமாரியில் துவாய் தேடித் துழாவினேன். சேலைகளுக்கடியில் புது மூடி தட்டுப்பட்டது. முப்பது வருஷப் பழக்கம், விரலுக்கே தெரிந்தது.

"வாங்கி ஒளிச்சு வச்சியா? ஏன் பரிமளம்?"

"சும்மாதான்."

"நேராச் சொல்லு."

அவள் மூடியை என் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டாள்.

"புள்ளய உங்களோட அனுப்பப் பயமா இருக்குங்க. நேத்துக் கேட்ல நின்ன என்னையே கண்ணச் சுருக்கிப் பாத்துட்டு, 'யாரும்மா வேணும்?'னு கேட்டீங்க."