பின்பக்கத் தகடு

பழைய பாகங்களாகத் தேடிச் சேர்த்து, மனைவிக்குக் கம்ப்யூட்டர் பூட்டுகிறான் வேன் டிரைவர். நாளைக் காலை அவளுக்கு டைப்பிங் வேலை தொடங்குகிறது. வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் நேரம், கடைசி ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டு மரத்துப்போன காலை நீட்டுகிறான். தொடைக்கு அடியில் கிடக்கிறது ஒரு மெல்லிய தகடு. மதர்போர்டை மாட்டும் முன்பே பெட்டியின் பின்பக்க ஓட்டையை மூடிப் பொருத்தியிருக்க வேண்டியது. இனி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஸ்க்ரூடிரைவரைத் தேடும் கையை அவள் பிடித்துக்கொள்கிறாள். "அது எதுக்குங்க?" "உள்ள தூசி போகாம இருக்க." "நாம இத்தன வருஷமா தூசியிலதான ஓடுறோம். அதுவும் ஓடட்டும், விடுங்க." அவளே சுவிட்சை அழுத்துகிறாள். ஃபேன் முனகிச் சுற்றுகிறது. பின்பக்க ஓட்டையிலிருந்து வரும் காற்று, அவன் தொடையில் தகடு பதிந்த கோடுகளின் மேல் வெதுவெதுப்பாகப் படுகிறது.